எட்டாம் அடியில் உடைந்த எதுகை

அம்மாவின் சாவு வீட்டில் நான் அழவில்லை. என் தங்கை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பாடிய அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. ஹட்டனில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் நான். யாப்பு என்றால் பிள்ளைகளுக்குப் பயம். அதனால் ஒவ்வொரு வருடமும் முதல் தவணையிலேயே அதைத் தொடங்கிவிடுவேன். சொல்லை அசையாகப் பிரி, நேரா நிரையா பார், இரண்டு அடிகளின் முதற்சொற்களில் இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, ஒரே அடிக்குள் முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை என்று கரும்பலகையில் எழுதி எழுதி, காதில் விழுகிற எதையும் அப்படிக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் நடத்துனர் ஊர்ப் பெயர்களைக் கத்தினால்கூட எங்கே மோனை விழுகிறது என்று மனம் தேடும். அன்றைக்கு அம்மா ஒரு பாயில் கிடந்தாள். முகம் வீங்கி, அது அம்மாதான் என்று சொல்வதற்கு நெற்றியில் இருந்த பழைய தழும்பு மட்டும்தான் மிச்சமிருந்தது. என் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. நேர் நேர். நிரை நேர். நேர் நேர்.

என் தங்கை பாடகி அல்ல. தேயிலைத் தோட்டத்துச் சாவுகளில் மற்றப் பெண்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த வாய் அது. அப்பா இறந்த பிறகு அவள் எட்டாம் வகுப்போடு நின்று அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனாள். நான் தொடர்ந்து படித்தேன். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் காலையில் அவள் புத்தகப் பைக்குப் பதிலாகக் கூடையை எடுத்தாள், அவ்வளவுதான்.

அவள் பாடியது இது:

கூடை எடுத்துக் கொழுந்தெடுக்கப் போனவளே
வாடை அடிக்கையிலே வழியேறிப் போனவளே

பனியோட போனவளே பசியோட நின்னவளே
தனியாக் கெடந்தவளே தண்ணி கேட்டுத் தவிச்சவளே

குளவி கலஞ்சதம்மா கொடும்பாவிக் காட்டுக்குள்ள
அளவில்லாக் கொட்டு அம்மா ஆரு உன்னத் தூக்கி வந்தா

பெட்டிச் சீல எடுத்து வச்சே பெருமையாச் சிரிச்சு வச்சே
கொழுந்து மல போனவளே கூப்பிட்டாலும் கேக்கலையே

கூடைக்கு வாடை. பனிக்குத் தனி. குளவிக்கு அளவில்லா. முதல் எழுத்து நெடிலானால் கீழேயும் நெடில், குறிலானால் கீழேயும் குறில். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் இலக்கணத்தில் சொன்னபடியே எல்லாம் விழுந்தது. நான்காவது சோடியில்தான் தட்டியது. 'பெட்டி' என்று தொடங்கியவள் அடுத்த அடியில் 'ட்' வருகிற ஒரு சொல்லுக்குப் போகாமல் 'கொழுந்து' என்று போனாள். அந்த நேரத்தில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதுகை போச்சு என்று நினைத்தேன். அம்மாவின் பிணத்துக்கு முன்னால் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான்.

அம்மா எப்படிச் செத்தாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. கொழும்பில் பட்டமளிப்பு விழா. ஒருவருக்கு இரண்டு விருந்தினர் அட்டைகள் தந்தார்கள். என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், கந்தோர்களில் எழுத்து வேலை செய்கிறவர்கள். யாழ்ப்பாணத்தவர்களும் கொழும்புக்காரர்களும் அதிகம். அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "தோட்டத்தில வேலை" என்று சொல்வேன். அது பொய்யில்லை. கேட்டவர்கள் தோட்டத்துக் கந்தோரில் வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். அப்படித் திருத்தாமலே வருடங்கள் போய்விட்டன. இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போனால், தேயிலைக் கறை ஏறிக் கறுத்து வெடித்த அந்த விரல்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் வெட்கப்பட்டேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

பொகவந்தலாவைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா, வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா அறைக்குள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையை வெளியே எடுத்து வைத்திருந்தாள். தங்கையின் கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. அதற்குப் பிறகு கட்டாதது. மடிப்புக்குள் வேப்பிலைச் சருகு இருந்தது.

"அம்மா, உள்ள வெளியாளுங்கள விடமாட்டாங்களாம்" என்றேன்.

"ஒரு ஆளக்கூடவா?"

"ஒரு ஆளக்கூட விடமாட்டாங்களாம்."

அம்மா சேலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி சாமி. அப்ப நீ பத்திரமா போயிட்டு வா. படம் மட்டும் புடிச்சிட்டு வந்துரு" என்றாள். பிறகு எழுந்து எனக்குப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றப் போனாள்.

விழா நடந்த நாள் அம்மா வேலைக்குப் போனாள். தேயிலைச் செடிக்கு அடியில் குளவிக்கூடு இருந்தது. யாருடைய கை பட்டதோ தெரியவில்லை. மற்றப் பெண்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினார்கள். படங்கு என்பது செடியில் சேலை கிழியாமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்கிற முரட்டுத் துணி. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓட முடியவில்லை. குளவிகள் அடங்கும் வரைக்கும் அவளுக்குக் கிட்ட யாராலும் போக முடியவில்லை. பிறகு கொழுந்து லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் கறுப்பு அங்கி போட்டு வரிசையில் நின்றேன். கைப்பேசியைச் சத்தம் வராமல் வைத்துக் கைப்பைக்குள் போட்டிருந்தேன். மேடையேறினேன், வாங்கினேன், இறங்கினேன். வெளியே வந்து நண்பிகளோடு படம் எடுத்தேன். அம்மா கேட்டிருந்தாளே என்று தனியாக நின்றும் இரண்டு படம் எடுத்தேன். பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன். திரை முழுக்கத் தங்கையின் பெயர்.

மறுநாள் முற்பகலில் பிரேத பரிசோதனை முடிந்து அம்மாவை லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு ஓட்டோவில் பின்னால் வந்தேன். வந்து இறங்கியபோது தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தங்கை பாடிக்கொண்டிருந்தாள். மற்றதை முன்பே சொல்லிவிட்டேன்.

மூன்று வருடங்கள் போயின. அதற்கிடையில் நான் முதுகலைமாணிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது "மலையக ஒப்பாரிப் பாடல்களின் யாப்பும் ஒலிநயமும்" என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் அதைத் தேர்ந்தேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். பாடினவர்களின் பெயர் போடக்கூடாது என்பது ஆய்வு ஒழுங்கு. தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று இலக்கம் கொடுத்தேன். அம்மாவின் சாவில் பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி, வெளிநாட்டில் வேலை செய்கிற எங்கள் மாமாவுக்கு அனுப்புவதற்காகத் தங்கையின் ஒப்பாரியைக் கைப்பேசியில் பதிந்திருந்தாள். அந்தப் பதிவு என்னிடமும் இருந்தது. அதையும் சேர்த்தேன். தங்கை தகவலாளி ஏழு ஆனாள்.

அவளிடம் கேட்டுச் சேர்க்கவில்லை. கேட்டால் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டாள். அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு அடியையும் சீர் பிரித்து எழுதினேன். எதுகைக்குச் சிவப்புக் கோடு, மோனைக்குப் பச்சைக் கோடு. 'அளவில்லாக் கொட்டு அம்மா ஆரு உன்னத் தூக்கி வந்தா' என்ற அடியில் அகரமும் ஆகாரமும் நெருங்கி வருவதால் மூச்சு திறந்து விடப்படுகிறது, அழுகைக்கு அது வசதி என்று ஒரு பந்தி எழுதினேன். அந்தப் பந்தியை எழுதி முடித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. எட்டாம் அடிக்கு வந்ததும், "இங்கு எதுகை பிறழ்ந்துள்ளது. துயர மிகுதியால் நேர்ந்த வழு எனலாம்" என்று ஒரு வரியில் முடித்தேன்.

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு விரிவுரையாளர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மிகவும் கவனமாக வாசிப்பவர். என் கையெழுத்துப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

"இதை ஏன் வழுவெண்டு எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"எதுகை வரல்ல மிஸ்."

"வரேல்லை எண்டது எனக்கும் தெரியுது. ஏன் வரேல்லை எண்டுதான் கேக்கிறன். ஏழு அடியும் ஒரு பிசகில்லாமல் கட்டின மனுசி எட்டாவதில மட்டும் ஏன் பிழை விடுறா?"

"துக்கத்தில மறந்திருக்கலாம்."

"துக்கத்திலதானே மிச்ச ஏழையும் கட்டினவ" என்றார். அவர் பிரதியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இன்னொண்டும் பாருங்கோ. எதுகையை விட்டவ மோனையை விடேல்லை. கொழுந்து, கூப்பிட்டாலும். கொ, கூ. மறந்து போற ஆள் அப்பிடிச் செய்யாது. இது அந்த இடத்தில வைச்சு மாத்தின அடி. முதல்ல வேற அடி ஒண்டு இருந்திருக்கு. பதிவைத் திருப்பிக் கேளுங்கோ. ஏலுமெண்டால் அந்தத் தகவலாளியையும் போய்ப் பாருங்கோ."

அவருக்கு அது யாருடைய சாவு என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

அறைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டேன். அதுவரை பாட்டை மட்டும்தான் கேட்டிருந்தேன். பாட்டுக்கு இடையில் இருந்ததை இரைச்சல் என்று தள்ளியிருந்தேன். ஏழாம் அடி முடிகிறது. 'பெருமையாச் சிரிச்சு வச்சே' என்று இழுக்கிறாள். மூச்சு எடுக்கிறாள். ஓட்டோ வந்து நின்ற சத்தம் ஐந்தாம் அடியிலேயே கேட்டிருந்தது. இந்த மூச்சுக்குள்தான் ஒரு பெண் குரல், "பெரியவ வந்துட்டா, வழி விடுங்க" என்கிறது. பிறகு ஒன்றுமில்லை. மற்ற அடிகளுக்கு இடையில் இல்லாத அளவுக்கு நீண்ட மௌனம். பிறகு 'கொழுந்து மல போனவளே'.

திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் வந்ததால்தான் அடி மாறியிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த மாணவியும் செய்வாள். ஒரு தாளை எடுத்தேன். 'பெட்டி' என்ற சொல்லுக்கு எதுகை வேண்டும். முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து 'ட்'. பெட்டி என்பது நேர் நேர், அதனால் வருகிற சொல்லும் நேர் நேராக இருந்தால் நல்லது. நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் வாய்க்குள் விழுங்க வேண்டிய சொல்லாகவும் இருக்க வேண்டும். கட்டி, தொட்டி, வட்டி என்று எழுதத் தொடங்கினேன். மூன்று சொல்லுக்கு மேல் எழுதவில்லை. அந்தச் சொல் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அதைத் தாளில் எழுதாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஹட்டனில் பஸ் ஏறினேன். நல்ல மழை. தங்கை காம்பராவின் முன்னால் ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

"வாங்கக்கா. ஒக்காருங்க" என்றாள்.

அம்மா இருந்தவரை அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். 'வாக்கா, திங்குறியா' என்பாள். சாவுக்குப் பிறகு 'நீங்க' ஆகிவிட்டது. நான் படித்த மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு கேக்கணும்" என்றேன். "அம்மா சாவுல நீ பாடுனியே. அதுல ஒரு எடம்."

"எந்த எடம்?"

"பெட்டிச் சீல எடுத்து வச்சேன்னு சொன்னியே. அதுக்கு அடுத்தது."

"கொழுந்து மல போனவளேன்னு பாடுனேன்."

"மொதல்ல அது இருந்ததில்ல."

அவள் கை நின்றது. "யாரு சொன்னா? பக்கத்து வீட்டு அக்காவா?"

"யாரும் சொல்லல. பாட்டுலயே தெரியுது. அங்க பட்டம்னு வரணும்."

தங்கை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் சலிப்புத்தான் இருந்தது.

"பட்டம் வாங்கும் பெரிய மக பக்கம் வர வேணாமின்னா" என்றாள். பாடவில்லை. கடையில் சாமான் பெயர் சொல்வது மாதிரிச் சொன்னாள். "அதான் பாடுனேன். நீங்க ஆஸ்பத்திரில இருந்து வர்றதுக்கு முந்தி ரெண்டு வாட்டி பாடிட்டேன். மூணாவது வாட்டி பாடுறப்ப நீங்க வந்து வாசல்ல நின்னீங்க. மாத்திட்டேன்."

"அப்ப எல்லாரும் கேட்டாங்களா?"

"லயமே இருந்துச்சுக்கா. தப்பு அடிக்கிறவங்க கூட கேட்டாங்க."

மூன்று வருடமாக நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து போகிறேன். டீச்சர் வந்துட்டாங்க என்று சிரித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். கோயில் திருவிழாவில் பரிசு கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த அடி தெரியும். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

"ஏன் மாத்துன?" என்று கேட்டேன்.

"செத்த வீட்டுல சண்ட வேணாம்னுதான். அம்மா பக்கத்துல படுத்திருக்கு. ஒங்களையும் என்னையும் விட்டா அதுக்கு யாரு இருக்கா?" மறுபடியும் வெட்டத் தொடங்கினாள். "பாடிக்கிட்டு இருக்கறப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன். பேயறஞ்ச மாதிரி நின்னீங்க. வாய் வரல."

நான் அந்த முகத்தோடு அசை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை.

எனக்கு ஒன்று மிச்சமிருந்தது. மூன்று வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா என் பேச்சை நம்பினாள், வருத்தத்தோடு போகவில்லை என்பது. அதை உறுதி செய்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அம்மாகிட்ட நான் வெளியாளுங்கள விடமாட்டாங்கன்னுதான சொன்னேன். பக்கம் வர வேணாம்னு சொல்லலியே. அம்மா அத அப்புடி எடுத்துக்கலியே?"

"அம்மா அத நம்புச்சுன்னு நெனச்சீங்களா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கந்தோரு கிளாக்கர் ஐயா மக அதுக்கு மொத வருசம் பட்டம் வாங்குச்சு. ஐயாவும் அம்மாவும் ரெண்டு பேரும் போயிட்டு வந்து கோயில்ல வச்சு எல்லாருக்கும் போட்டோ காட்டுனாங்க. நம்ம அம்மாதான் மொத ஆளாப் போய்ப் பாத்துச்சு. ரெண்டு பேருக்குக் காட் குடுப்பாங்கன்னு அப்பவே கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தான் வந்துச்சு. அந்தச் சீலய அப்ப இருந்து எடுத்து எடுத்துப் பாக்கும்."

"தெரிஞ்சுமா சரின்னு சொல்லுச்சு?"

"நீங்க அன்னைக்குப் பஸ்ஸுக்குப் போனப்பறம் நான் சத்தம் போட்டேன். இப்பவே போன் எடுத்துக் கேக்குறேன்னு சொன்னேன். அம்மா விடல. 'அவளுக்கு என்னையக் காட்ட வெக்கமா இருக்கும் புள்ள. கேட்டுறாத, அவ மொகம் சுருங்கிரும்'னு சொல்லுச்சு. விழா அன்னைக்கு லீவு கேட்டு வச்சிருந்துச்சு. காலைல எந்திரிச்சு, சும்மா ஒக்காந்திருந்தா மனசு அடிச்சுக்குதுன்னு படங்கக் கட்டிக்கிட்டு பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போயிருச்சு. லீவு நாளுக்கா அது."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தங்கை வெட்டிய லீக்ஸைக் கழுவுவதற்காக எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. நான் விடும் வரைக்கும் நின்றாள்.

"என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

"எங்கிட்ட கேட்டு என்னக்கா செய்யிறது?" என்றாள். பிறகு, "எழுதணும்னா எழுதிக்குங்க. அதுக்குத்தான வந்தீங்க" என்றாள்.

இல்லை என்றேன். பஸ்ஸில் ஏறிக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். வளைவுகளில் எழுத்து கோணிக்கொண்டு போனது. 'பட்டம் வாங்கும் பெரிய மக பக்கம் வர வேணாமின்னா.' பெட்டி, பட்டம். தேமா, தேமா. பட்டம், பக்கம். எதுகையும் சரி. மோனையும் சரி. இவ்வளவு ஒழுங்கான அடி அந்த ஒப்பாரியில் வேறு இல்லை. அப்போதுதான் அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஜன்னலை மூடிவிட்டு, ஒரு கடதாசிக் கைக்குட்டையை என் மடியில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். அப்போது, எழுதினால் ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எழுதும்போது என் கை ஆய்வேட்டுத் தமிழில்தான் எழுதியது. "தகவலாளி ஏழின் மூத்த சகோதரி நிகழ்விடத்துக்கு வந்தமையால் எட்டாம் அடி மாற்றப்பட்டுள்ளது. எதுகைப் பிறழ்வு இங்கு வழுவன்று. மறைக்கப்பட்ட சொல்லின் தடயமாகும்." அந்த மூத்த சகோதரி யார் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு என்னைத் தேடி வந்தார். "இதுதான் உங்கட ஆய்வின்ர உயிர். மற்ற அத்தியாயம் எல்லாம் இதுக்குப் பிறகுதான்" என்று சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். கைகளைப் பிசைந்துகொண்டு, "தேங்ஸ் மிஸ்" என்றேன்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நிறையக் கேள்விகள் கேட்டார். நாட்டார் பாடலுக்குச் செய்யுள் இலக்கணத்தின் அளவுகோலை வைப்பது சரியா என்று கேட்டார். பதில் சொன்னேன். பேச்சு வழக்கில் குறுகி ஒலிக்கிற ஐகாரத்தை எப்படி அலகிட்டீர்கள் என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். கடைசியாக அந்த அத்தியாயத்துக்கு வந்தார். மிக நுட்பமான அவதானிப்பு என்றார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "இந்த மூத்த மகளை நீங்கள் சந்தித்தீர்களா? அவருடைய பக்கம் இதில் இல்லையே" என்றார்.

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"இல்ல சேர்" என்றேன்.

"முயன்றீர்களா?"

"முயன்றேன் சேர். சந்திக்கக் கிடைக்கல."

அவர் தலையாட்டினார். ஆய்வின் வரையறைகள் என்ற பகுதியில் அதை ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிடச் சொன்னார். பிறகு எழுந்து என் கையைக் குலுக்கினார். அன்று மாலையே அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். "தகவலாளி ஏழின் மூத்த சகோதரியைச் சந்திக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிட்டவில்லை." எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அச்சாகி, கட்டப்பட்டு, இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

முடிவு வந்த வாரம் தங்கை போன் எடுத்தாள். யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

"பாஸாயிட்டீங்களாமே?"

"ம்."

"சந்தோசம்க்கா." பிறகு, "அந்தப் புத்தகத்துல அம்மா பேரு வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல. யாரு பேரும் போடக்கூடாது."

"எம்பேரும் இல்லியா?"

"இல்ல."

"ஒங்க பேரு?"

"அது முன் அட்டையில இருக்கும்."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரிக்கா, பீலிக் கொழாயில தண்ணி வருது, நிப்பாட்டிருவாங்க. புடிச்சு வைக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.